இறந்தோர் பட்டியலுக்கு முன்னே எழுதவேண்டியது

2017ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் முதல் வாரத்தைக் குமரிக் கடற்கரைப் பங்குகளில் பணியாற்றிய எவரும் மறந்திருக்க இயலாது. நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கடந்து சென்றுவிட்டது. கரையில் சாய்ந்த மின்கம்பங்களையும் முறிந்த ரப்பர் மரங்களையும் அலுவலர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது மட்டும் எவருக்கும் தெரியவில்லை. அரசு சொன்ன எண் ஒன்று; மீனவர் அமைப்புகள் சொன்ன எண் வேறொன்று; தொலைக்காட்சியில் மணிக்கொரு எண். அப்போது நம் பங்குகளில் இளைஞர்கள் நோட்டும் பேனாவுமாய் வீடுவீடாகச் சென்றார்கள். எந்தப் படகு, எந்தத் துறையிலிருந்து புறப்பட்டது, எந்த நாளில், உள்ளே எத்தனை பேர், அவர்களின் பெயர் என்ன, தந்தை பெயர் என்ன என்று அழுதுகொண்டிருந்த தாய்மாரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். பங்குத்தந்தையர் இரவெல்லாம் விழித்திருந்து அவற்றைத் தொகுத்தார்கள். அரசின் கணக்கு பலமுறை திருத்தப்பட்டதற்கு அந்தப் பட்டியல்களும் ஒரு காரணம். இழப்பீடு பெற்ற குடும்பங்கள் பலவற்றுக்கு முதற் சான்றாய் நின்றதும் அவையே.

அதை நினைக்கும்போது நமக்குப் பெருமிதம் உண்டாகிறது. சற்று ஆழ்ந்து நினைக்கும்போது வெட்கமும் உண்டாகிறது. இறந்தபின் மூன்று நாள்களில் எழுத முடிந்த பட்டியலை, அவர்கள் உயிரோடிருந்த ஆண்டுகளில் நாம் ஏன் எழுதவில்லை? படகு புறப்படும்போதே இன்னார் இன்னார் சென்றார் என்று ஒரு பதிவேட்டில் எழுதிவைக்க ஒரு நோட்டின் விலை போதும். ஆழ்கடலில் கைப்பேசி எட்டாது என்பது தூத்தூர்ப் பகுதியில் பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். எட்டக்கூடிய கருவி வேண்டும் என்று, படகுகளின் எண்ணிக்கையோடும் செல்லும் தொலைவோடும் விலைமதிப்போடும் ஒரு திட்டத்தை முன்னரே எழுதி எத்தனை ஊர்கள் கேட்டிருந்தன? நாம் விசாரித்த ஊர்களில் ஒன்றுகூட இல்லை. நாம் பணியாற்றிய பங்கும் அவற்றுள் ஒன்று.

இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது ஒன்றே. பேரிடருக்குப்பின் கையேந்துவதில் நம் பங்குகள் நல்ல பயிற்சி பெற்றிருக்கின்றன; பேரிடருக்குமுன் உரிமையோடும் கணக்கோடும் கேட்பதற்கு நாம் நம் மக்களைப் பழக்கவில்லை. அவ்வாறு பழக்குவது சமூகசேவைச் சங்கத்தின் வேலை, பங்கின் வேலை அன்று என்று ஒதுங்கிக்கொண்டோம். இந்த ஒதுங்கல் பாவம் என்றே நாம் கருதுகிறோம். சொல் கடுமையாயிருக்கலாம், வேறு சொல் அகப்படவில்லை.

முதலில் பணத்தைப்பற்றி. பணம் இல்லை என்று சொல்வோர் பலர். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இருவகை நிதிகளைக் குறிப்பிடுகிறது. ஒன்று, பேரிடர் வந்தபின் மீட்புக்கும் நிவாரணத்துக்கும் உரியது. மற்றது, வருமுன் அதன் கடுமையைத் தணிப்பதற்கு உரியது. முதல்வகை நிதி முன்னதாகவே நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது வகை, சட்டத்தில் எழுதப்பட்டும் பல்லாண்டுகள் ஏட்டிலேயே கிடந்தது. தேசியப் பேரிடர் தணிப்பு நிதி உருப்பெற்றது 2021ஆம் ஆண்டில்தான். 15ஆவது நிதிக்குழு 2021 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையான ஐந்தாண்டுகளுக்கு மாநிலங்களின் பேரிடர் நிதியாக மொத்தம் 1,60,153 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கு தணிப்புப் பணிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. இன்னும் பத்தில் ஒரு பங்கு ஆயத்தத்துக்கும் பயிற்சிக்கும் என்று வகுக்கப்பட்டது. இது நாடு முழுமைக்குமான தொகை. கடற்கரையுள்ள மாநிலம் ஒன்றின் ஓர் ஊருக்கு அதில் எவ்வளவு வரும் என்பது, அவ்வூர் எதைக் கேட்கிறது, எப்படிக் கேட்கிறது என்பதையும் பொறுத்தது.

நிவாரண நிதிக்கும் தணிப்பு நிதிக்கும் இடையேயுள்ள பெரிய வேறுபாட்டை நம் மக்கள் இன்னும் உணரவில்லை. நிவாரணம் கண்ணீரைக் கண்டு வரும். பிணம் கரையொதுங்கினால் அமைச்சர் வருவார், புகைப்படக்காரர் வருவார், அரிசி மூட்டை வரும். தணிப்புக்கான பணம் அப்படி வருவதில்லை. அது திட்ட அறிக்கையைக் கண்டு வரும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இருக்கிறது. அது மாவட்டத்துக்கென ஒரு திட்டம் தீட்டவேண்டும் என்பது சட்டம். அத்திட்டத்தில் நம் ஊரின் பெயரோடு என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பங்குப் பேரவை உறுப்பினர் எத்தனை பேர்? அதில் இல்லாத ஓடையும் இல்லாத பாலமும், ஒதுக்கீடு செய்யும் அலுவலரைப் பொறுத்தமட்டில் உலகத்திலேயே இல்லாதவை.

நம் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாகவேண்டும். நாம் முன்னர்ப் பங்குத்தந்தையாயிருந்த ஊர், கடலுக்கும் ஒரு கால்வாய்க்கும் இடையே நீண்டு கிடந்தது. குமரிக் கடற்கரையில் அப்படி அமைந்த ஊர்கள் பல. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, குளச்சலையொட்டிய கரையில் முன்னே கடலும் பின்னே ஏ.வி.எம். கால்வாயுமாய் மக்கள் அகப்பட்டு மாண்டதை நாம் அறிவோம். நம் ஊரிலும் கால்வாயைக் கடக்க வடகோடியில் ஒரேயொரு குறுகிய பாலம். தென்கோடியிலுள்ள கிழவி அங்கு வந்து சேர அரைமணி நேரம் ஆகும். சில ஆண்டுகளுக்குமுன் மாவட்ட அளவிலான ஓர் அலுவலகத்திலிருந்து, ஆயத்தப் பணிகளுக்கான முன்மொழிவுகளைப் பதினைந்து நாள்களுக்குள் அனுப்புமாறு சுற்றறிக்கை வந்தது. வந்த நேரம் திருவிழாக் கொடியேற்றம். பத்து நாள் திருவிழா முடிந்து, பந்தல் பிரித்து, கணக்கு முடித்தபின்தான் அந்தத் தாளை மேசையில் மீண்டும் கண்டெடுத்தோம். உபதேசியாரை அழைத்து, "ஒரு மனு எழுதுங்க" என்றோம். அவரும் வழக்கமான முறையில் எழுதினார். எங்கள் ஊர் மக்கள் ஏழை மீனவர்கள், கடலையே நம்பி வாழ்பவர்கள், ஐயா அவர்கள் கருணைகூர்ந்து ஆவன செய்யவேண்டும் என்று ஒரு பக்கம். கீழே பங்கின் முத்திரை. அதற்கும் கீழே ஏறத்தாழ இருநூறு கையெழுத்துகள்.

பக்கத்து ஊர் நம் மறையைச் சார்ந்ததன்று. அங்கே ஒரு மகளிர் சுய உதவிக்குழுவும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் இருந்தார்கள். அவர்கள் அனுப்பியதைப் பின்னர் நாம் கேட்டு வாங்கிப் பார்த்தோம். பெரிய தாளில் ஊரின் வரைபடம், வண்ணப் பென்சிலால். கால்வாயின் அகலம் மூன்று இடங்களில் கயிறு பிடித்து அளக்கப்பட்டிருந்தது. இருகரையிலும் நிலத்தின் புல எண், அது புறம்போக்கா பட்டா நிலமா என்ற விவரம். நடக்க இயலாதோர் எத்தனை பேர், எந்தெந்த வீட்டில். கருவுற்றோர் எத்தனை பேர். ஒரு ஞாயிறு மாலையில் பள்ளிப்பிள்ளைகளைத் தென்கோடியிலிருந்து ஓடவிட்டுக் கடிகாரம் பார்த்து எழுதிய நிமிடக் கணக்கு. கிராம சபைத் தீர்மானத்தின் நகல். பாலம் அவர்களுக்குக் கிடைத்தது. நமக்கு, மனு பெறப்பட்டது என்ற ஒப்புகைச்சீட்டு கிடைத்தது. திறப்பு விழாவுக்கு நம்மையும் மரியாதையாக அழைத்திருந்தார்கள். அங்கே ஓர் இளம் அலுவலர் நம்மைத் தனியே அழைத்து, "ஃபாதர், தப்பா நினைக்காதீங்க. உங்க மனுவுல கண்ணீர் இருந்துச்சு, அளவு இல்ல" என்றார்.

குருத்துவக் கல்லூரியில் கிறிஸ்தியலும் திருச்சபையியலும் அறநெறி இறையியலும் நமக்குக் கற்பித்தார்கள். நன்றியோடு நினைக்கிறோம். ஒரு மதிப்பீட்டறிக்கையை வாசிக்கக் கற்பிக்கவில்லை. அது குறையென்று அன்று தோன்றவில்லை. அந்த அலுவலரின் முன்னால் நின்றபோதுதான் தோன்றியது.

இப்போது எதிர்ப்புரைகளுக்கு வருவோம். முதலாவது, பக்தியின் பெயரால் வருவது. "எல்லாம் மாதா பாத்துக்குவா சாமி" என்று ஊரின் மூத்தவர் ஒருவர் நம்மிடம் சொன்னார். அவருடைய விசுவாசத்தை நாம் குறைத்துப் பேசமாட்டோம்; அலையின்மேல் வாழ்க்கையை வைத்தவரின் விசுவாசம் அது. ஆயின் திருநூலைத் திறந்து பார்ப்போம். எகிப்தில் பஞ்சம் வருமென்று யோசேப்பு அறிந்தபோது பார்வோனிடம் செபக்கூட்டம் நடத்தச் சொல்லவில்லை. ஏழு வளமான ஆண்டுகளின் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைக்கச் சொன்னார், ஊர்தோறும் களஞ்சியம் அமைத்தார், மேற்பார்வையாளரை நியமித்தார். இறைவன் தந்த கனவின் பொருளை ஒரு நிதித்திட்டமாக மாற்றியவர் அவர்.

இன்னும் தெளிவான சான்று திருத்தூதர் பணிகள் 11ஆம் அதிகாரத்தில் உள்ளது.  ஆனால் அதைக் குறித்து மறையுரை கேட்டதாக நமக்கு நினைவில்லை. அகபு என்னும் இறைவாக்கினர் அந்தியோக்கியாவுக்கு வந்து, உலகெங்கும் கொடிய பஞ்சம் ஏற்படப்போகிறது என்று முன்னறிவிக்கிறார். கவனியுங்கள்: பஞ்சம் இன்னும் வரவில்லை. அந்தியோக்கியச் சபை என்ன செய்தது? வரட்டும், வந்தபின் நிவாரணப் பொருள் திரட்டுவோம் என்று இருந்துவிடவில்லை. அவரவர் வசதிக்கேற்பப் பணம் சேர்த்து, யூதேயாவில் வாழ்ந்த சகோதரர்களுக்கென்று முடிவுசெய்து, பர்னபா, சவுல் ஆகியோர் வழியாக மூப்பர்களிடம் அனுப்பிவைத்தது. சீடர்கள் முதன்முதலில் கிறிஸ்தவர்கள் என்று பெயர்பெற்றதும் அதே அந்தியோக்கியாவில்தான், அதே பகுதியில்தான். முன்னறிவிப்பைக் கேட்டதும் கணக்குப் போட்டுப் பணம் திரட்டிய மக்களுக்கு அப்பெயர் வாய்த்தது தற்செயல் என்று எண்ண நமக்கு மனமில்லை. நம் காலத்தில் அகபுவின் வேலையை வானிலை ஆய்வு மையமும் ஹைதராபாத்திலுள்ள சுனாமி முன்னெச்சரிக்கை மையமும் செய்கின்றன. அந்தியோக்கியாவின் வேலையை யார் செய்வது?

இரண்டாவது எதிர்ப்புரை, "இது அரசின் கடமை, நாம் ஏன் திட்டம் எழுதவேண்டும்?" என்பது. அரசின் கடமை என்பதில் நமக்கு ஐயமில்லை. மீனவர் தரும் வரியும் அப்பணத்தில் அடங்கியிருக்கிறது. எனவே அது தருமமன்று, உரிமை. ஆனால் எந்த வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர் இருக்கிறார், எந்தச் சந்தில் வெள்ளம் முதலில் புகும், எந்தத் துறையில் அலை மோதும் என்பதை நாகர்கோவிலிலோ சென்னையிலோ அமர்ந்திருக்கும் அலுவலர் எப்படி அறிவார்? அறியாமல் அவர் தருவது கருங்கல் சுவராய் முடியும். ஓர் ஊரின் கரையில் கல்லைக் கொட்டினால் அடுத்த ஊரின் கரை அரிக்கும் என்பதை நம் மீனவர் பொறியாளரைவிட முன்னதாகச் சொன்னார்கள், எழுதிக்கொடுக்கவில்லை. தூண்டில் வளைவு வேண்டுமென்று ஓர் ஊர் மறியல் செய்து பெறுகிறது; அதன் விளைவைத் தாங்காத பக்கத்து ஊர் அடுத்த ஆண்டு மறியல் செய்கிறது. இரு ஊர்களும் கத்தோலிக்க ஊர்கள். ஒரே மறைவட்டம்.

2004இல் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் சிற்றூரில் நடந்தது பலருக்கும் தெரிந்ததே. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையமும் ஒலிபெருக்கியும் அமைத்திருந்தது. அன்றாடம் அலையின் உயரத்தையும் தொழிலுக்குப் பயன்படும் செய்திகளையும் அறிவிக்கும் எளிய ஏற்பாடு. டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலைபார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் நிலநடுக்கச் செய்தியைக் கேட்டுத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,600 பேர் வெளியேறினார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஒலிபெருக்கி அங்கே ஏற்கெனவே இருந்தது. ஊரார் அதைத் தினந்தோறும் பயன்படுத்திப் பழகியிருந்தார்கள். நம் ஊர்களில் கோயில்மணி இருக்கிறது. சாவுக்கு எப்படி அடிப்பது, திருப்பலிக்கு எப்படி அடிப்பது என்று எல்லாருக்கும் தெரியும். கடல் ஏறிவந்தால் எப்படி அடிப்பது என்று எந்த ஊரிலாவது முடிவுசெய்திருக்கிறோமா?

ஒடிசாவில் 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 2013இல் பைலின் புயல் அதே கரையில் மோதியபோது இறந்தோர் எண்ணிக்கை ஐம்பதை எட்டவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் புயல் காப்பகங்கள் கட்டினார்கள்; அதைவிட முக்கியமாக, ஊர்க்குழுக்களைப் பழக்கினார்கள். 2020இல் அம்மாநிலத்தின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாகி என்னும் இரு கடலோர ஊர்களுக்கு யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் சுனாமிக்கு ஆயத்தமான ஊர்கள் என்ற ஏற்பை இந்தியாவில் முதன்முறையாக வழங்கியது. வரைபடம், வெளியேறும் வழி, ஒத்திகை, பொறுப்பாளர் பட்டியல் என அதற்கு வேண்டிய அடையாளங்களில் பெரும்பாலானவை பணத்தால் ஆகாதவை.

மூன்றாவது எதிர்ப்புரை நம் குருக்கள் மத்தியிலிருந்தே வருகிறது. திருச்சபை தொண்டு நிறுவனமாகிவிடக்கூடாது என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தம் பணியின் தொடக்கத்திலேயே எச்சரித்தார் அல்லவா என்கிறார்கள். உண்மை. கிறிஸ்துவை அறிக்கையிடாத சபையைக் குறித்து அவர் அப்படிச் சொன்னார். ஆயினும் அந்த எச்சரிக்கையை நம் சோம்பலுக்குக் குடையாகப் பிடிப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். பல லட்சம் ரூபாய்க்குக் கொடிமரமும் கோபுரமும் எழுப்பத் திட்டம் எழுதும்போது, வசூல் நோட்டு அச்சடிக்கும்போது, ஒப்பந்தக்காரரோடு பேரம் பேசும்போது நாம் தொண்டு நிறுவனம் ஆகிவிடுவதில்லையாம். கிழவி கால்வாயைக் கடக்கப் பாலம் கேட்கும்போதுதான் ஆகிவிடுகிறோமாம். கோபுரம் கட்ட விரும்புவோன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்று ஆண்டவர் சொன்ன உவமையை, நாம் கோபுரத்துக்கு மட்டும் சொன்னதாக எடுத்துக்கொண்டோம் போலும்.

கோபுரங்களை நாம் பழிக்கவில்லை. மீன் ஏலத்திலிருந்து கோயிலுக்கு வரும் குத்தகைப் பணம் மீனவர் தம் வியர்வையிலிருந்து பிரித்துவைப்பது; அதில் எழுந்த ஆலயங்கள் அவர்கள் மானத்தின் அடையாளங்கள். ஒன்றை மட்டும் கேட்கிறோம். பத்து நாள் திருவிழாவில் வாணவேடிக்கைக்கு ஆகும் செலவில் ஒரு நில அளவையரையும் ஒரு பொறியாளரையும் அமர்த்தி ஊரின் மூன்று தேவைகளுக்கு மதிப்பீடு தயாரித்துவிடலாம். அந்த மூன்று மதிப்பீடுகளும் பங்கு அலுவலகத்தில் ஆயத்தமாயிருந்தால், எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் பதினைந்து நாள் போதும்.

வெளிநாட்டு உதவியை நம்பியிருந்த காலம் போயிற்று என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடவேண்டும். 2004க்குப்பின் நம் கரைக்கு உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் பணம் வந்தது. அது பல வீடுகளைக் கட்டியது. பல பிள்ளைகளைப் படிக்கவைத்தது. சில இடங்களில் மீன் இருப்பதைவிட அதிகமாய்ப் படகுகளும் வந்தன. அப்பணம் மறைமாவட்டச் சங்கத்துக்கு வந்து, அங்கிருந்து சிறு ஊர்ச் சங்கங்களுக்குப் பிரிந்து சென்றது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. பெற்ற வெளிநாட்டுப் பணத்தை வேறெந்த அமைப்புக்கும் மாற்றித் தரலாகாது. நிர்வாகச் செலவின் வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. இச்சட்டத்தின் நோக்கம்பற்றி நமக்குக் கடுமையான கருத்து உண்டு. அதை வேறோர் இதழில் எழுதுவோம். இங்கே சொல்லவேண்டியது, ஊரே நேரடியாகக் கேட்கக் கற்கவேண்டிய காலம் இது என்பதே. அதற்கு மன்றங்கள் இருக்கின்றன. ஊராட்சியாயின் கிராம சபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. பேரூராட்சியாகவோ நகராட்சியாகவோ இருந்தால் கிராம சபை இராது; 2022 முதல் பகுதி சபைகள் உண்டு. இவற்றில் நம் மக்கள் அமர்ந்திருக்கக் காண்பது அரிது. மே 1 சூசையப்பர் திருவிழா, ஆகஸ்டு 15 மாதாவின் விண்ணேற்பு, நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருவிழா என்று நாள்கள் மோதிக்கொள்வதும் ஒரு காரணம். திருப்பலி நேரத்தை நாம்தானே குறிக்கிறோம்? ஒரு மணி நேரம் முன்னே வைத்தால் புனிதர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

இனி யார் எழுதுவது என்ற கேள்வி. இங்கேதான் நம் கண்டனத்தின் கூர்மை நம்மையே நோக்கித் திரும்புகிறது. சாமியார் எழுதுவார், சாமியார் ஆட்சியரைப் பார்ப்பார், சாமியார் வாங்கிவருவார் என்ற பழக்கத்தை வளர்த்தவர்கள் நாம்தாம். அதில் நமக்கு ஓர் இன்பமும் இருந்தது. ஐந்தாண்டுக்கொரு முறை மாற்றலாகிச் செல்கிறோம். செல்லும்போது ஊரின் அறிவும் நம் பெட்டியோடு போய்விடுகிறது. புதிதாய் வருபவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் பணியைப்பற்றித் தனி ஏடே வெளியிட்டது. நாம் அதற்கு உரை நிகழ்த்தினோம். அவர்கள் கையில் ஒரு கோப்பைக் கொடுக்கவில்லை.

அன்பியங்கள் இதற்கு ஏற்ற கருவிகள். இருபது முப்பது குடும்பங்கள் கொண்ட ஒரு குழுவுக்கு, தன் தெருவில் யார் நடக்க இயலாதவர், யார் வீட்டில் கைக்குழந்தை, எவர் கடலில் என்பது எந்தக் கணக்கெடுப்பாளரையும்விட நன்றாய்த் தெரியும். மீன்கூடை சுமந்து விற்கும் நம் பெண்கள் கடன் கணக்கைத் தலையிலேயே வைத்திருப்பவர்கள். அவர்களால் ஊர்க்கணக்கு எழுத முடியாது என்று எவரும் சொல்லவேண்டாம். வாரந்தோறும் கூடும் செபத்தின் இறுதியில் கால்மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் மூன்று மாதத்தில் பட்டியல் ஆயத்தமாகிவிடும். அப்பட்டியலில் கத்தோலிக்கர் பெயர் மட்டும் இருக்கக்கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறோம். அலை ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்து வருவதில்லை. பொதுப்பணத்தைக் கேட்கும் ஊர், தன் எல்லைக்குள் வாழும் இந்துவையும் இசுலாமியரையும் எண்ணாமல் கேட்டால் அந்தக் கேட்பே அறமற்றது.

நிலத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. காப்பகமோ பாலமோ எதுவாயினும், இடம் யாருடையது என்பதே முதற்கேள்வி. நம் கடற்கரை ஊர்களில் வீட்டுக்குப் பட்டா இராது. பொது இடம் பலவும் கோயில் பெயரில், அதாவது மறைமாவட்டத்தின் பெயரில் இருக்கும். முன்னே சொன்ன ஊரில் மறு ஆண்டு நாமும் அளந்து, எழுதி, தீர்மானம் பெற்றோம். எதிர்க்கரையிலுள்ள இரண்டு சென்ட் நிலத்துக்குத் தடையின்மைக் கடிதம் நம் திருச்சபை அலுவலகம் ஒன்றிலிருந்தே கிடைக்கப் பதினொரு மாதம் ஆயிற்று. கடிதம் வந்தபோது நிதியாண்டு முடிந்துவிட்டது. அரசு அலுவலகத்தைக் குறைசொல்லும் தகுதியை அன்று நாம் இழந்தோம்.

கணக்கைப்பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. எருசலேம் ஏழைகளுக்கெனத் திரட்டிய காணிக்கையைத் தூய பவுல் தனியே எடுத்துச் செல்லவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில், தீத்துவோடு சபைகள் தேர்ந்துகொடுத்த சகோதரர்களையும் உடனனுப்புகிறார். இவ்வளவு பெரிய தொகையைக் கையாள்வதில் எவரும் தம்மேல் குறைகாண இடமிருக்கக்கூடாது என்று காரணமும் தருகிறார். திருத்தூதருக்கே தேவைப்பட்ட தணிக்கை நமக்குத் தேவையில்லையா? சுனாமிப் பணத்தின் வரவுசெலவைத் திருப்பலிக்குப்பின் உரக்க வாசித்த பங்குகள் உண்டு, வாசிக்காதவையும் உண்டு. வாசிக்காத ஊர்களில் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் தேநீர்க்கடைப் பேச்சு ஓயவில்லை. அங்கே புதிய திட்டத்துக்கென்று கையெழுத்துக் கேட்டுப் போனால், முதலில் பழைய கணக்கைக் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்.

கிடைத்ததைப் பேணுவதும் திட்டத்தின் பகுதியே. பேரிடர்க் காப்பகம் என்று பெயரெழுதிப் பூட்டிக்கிடக்கும் கட்டடங்களை நாம் பார்த்திருக்கிறோம். சாவி யாரிடம் என்று கேட்டால் மூன்று பேர் பெயரைச் சொல்வார்கள். மூவரும் ஊரில் இல்லை. காப்பகத்தைப் பிள்ளைகளின் மாலைப் படிப்புக்கும் மகளிர் கூட்டத்துக்கும் பயன்படுத்தினால் அதன் விளக்கு எரியும், குழாயில் தண்ணீர் வரும், சாவியும் இருக்கும். பெரிய தொகைக்கு ஆசைப்பட்டு, வெளியூர் ஆலோசகரை அமர்த்தி, ஊருக்கே புரியாத திட்டம் எழுதுவதைவிட, ஊர் தானே எழுதிய சிறு மதகு மேலானது.

இப்போது நாம் பணியாற்றும் பங்கில் பதினான்கு அன்பியங்கள். ஒன்பது அன்பியங்கள் பட்டியலைத் தந்துவிட்டன. எழுத்துப்பிழைகள் இருக்கின்றன, ஒரு வீட்டை இருவர் எழுதியிருக்கிறார்கள், அந்தோனியார் அன்பியத்தின் பட்டியலில் மாடுகளும் இடம்பெற்றிருக்கின்றன. அதை அடிக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். மீதி ஐந்து அன்பியங்களில் இரண்டு, திருவிழா முடியட்டும் என்கின்றன. பதிவேடு ஒன்று துறையில் ஏலக்கொட்டகையின் தூணில் நூல்கட்டித் தொங்குகிறது. புறப்படும் படகுகளில் பாதிக்குமேல் எழுதிவிட்டுப் போகிறார்கள், மீதிப் பேர் சிரித்துவிட்டுப் போகிறார்கள். அந்த ஓய்வுபெற்ற ஆசிரியையை, பக்கத்து ஊரில் பாலம் வாங்கியவரை, நம் பெண்களுக்கு வரைபடம் போடக் கற்பிக்க அழைத்திருக்கிறோம். வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அளக்கும் கயிறு நல்லதாய் ஒன்று வாங்கிவைக்கச் சொன்னார்.